வலை வீட்டுக்குள், தமிழ் வெளித்திண்ணையிலா?

(பொதட்டூர்பேட்டையில் நடைபெற்ற தமிழன்பர் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துப்படி)

 

நாம் கூடியிருக்கும் இவ்வூர் எல்லையூர். சிறிது தொலைவு சென்றால் கடைப்பலகையின் எழுத்து மாறிவிடும். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமானபொழுது, சித்தூர் மாவட்டத்தோடு நம் பகுதியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானனார் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி தமிழகத்தை வந்தடைந்தது. திருப்பதி நமக்கு மீளவில்லை, திருத்தணி மீண்டது. அப்போராட்டத்துக்கு நிலத்தை உழுது வைத்தவர் ஓர் ஆசிரியர். மங்கலங்கிழார் என்னும் அப்பெருமகனார் ஊரூராக நடந்து சென்று தமிழ் கற்பித்தார், 1953இலேயே மறைந்துவிட்டார், தாம் விரும்பிய மீட்பைக் கண்ணாற் காணவில்லை. ஆயினும் அவர் கற்பித்த எழுத்தே பின்னாளில் எல்லைக்கல்லாய் நின்றது.

இதனை ஏன் இன்று நினைவூட்டுகிறேன் எனின், எல்லை என்பது மண்ணில் மட்டும் இல்லை. ஒருவன் தன் வீட்டுக் கருவியைத் தன் மொழியால் ஆளமுடியாமற் போகும் இடத்திலேயே தமிழின் எல்லை முடிந்துவிடுகிறது. அவ்வெல்லை இன்று நம் வீட்டுக் கூடத்துச் சுவரில், பச்சையும் சிவப்பும் விளக்கு மினுக்கும் ஒரு சிறு பெட்டியின் அருகே வந்து நிற்கின்றது.

சென்ற ஆண்டு இவ்வூர் நெசவுத் தெருவொன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டா. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் வீடு அது. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும் தறி வைத்துப் பிழைக்கின்றனர். துணிக்குரிய வண்ணமும் கரையும் இணையத்தின் வழியே படமாக வரும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் பாவு போடவேண்டும். ஒருநாள் காலை இணைப்பு நின்றுவிட்டது. தாயார் இணைப்புத் தந்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் பேசியவரும் தமிழரே. ஆனால் அவர் சொன்னது, "ரூட்டரை ஒருமுறை ரீசுடார்ட் பண்ணுங்க அம்மா" என்பது.

அம்மையார் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் ஓர் ஊசித்துளை. அதனருகே ஆங்கிலத்தில் ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் படித்தார்; 'ரீசெட்' என்றிருந்தது. காதில் விழுந்த சொல்லும் கண்ணிற்பட்ட சொல்லும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின. ஊசியைக் கொண்டு அழுத்தினார். பெட்டிக்குள் எழுதி வைத்திருந்த அமைப்புகள் அத்தனையும் அழிந்து, அது கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைய நிலைக்குப் போய்விட்டது. நிறுவனத்து ஆள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அந்தத் துணியை நெய்யும் வேலை வேறு தறிக்குப் போய்விட்டது. நான் சென்றபொழுது அவ்வம்மையார் கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது: "ஐயா, அவர் சொன்னதைத்தானே செய்தேன்?"

அவர் மீது என்ன பிழை? இரண்டு ஆங்கிலச் சொற்கள். இரண்டுக்கும் தலையெழுத்து ஒன்று. பொருளோ ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஒன்று, மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தல். அதனால் எதுவும் அழியாது. மற்றொன்று, உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கல். முன்னதை 'அணைத்தெழுப்பல்' என்றும், பின்னதை 'அழித்தமைத்தல்' என்றும் சொல்லியிருந்தால், "அணைத்து எழுப்புங்கள் அம்மா" என்றவுடன் அவர் சுவரிலுள்ள மின்விசையை நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் போட்டிருப்பார். 'அழித்தமைத்தல்' என்று துளையருகே எழுதியிருந்தால், 'அழி' என்னும் ஓரசையே அவர் கையைத் தடுத்து நிறுத்தியிருக்கும். தாய்மொழிச் சொல் ஒரு காவலாள். தனக்குள் பொருளை வைத்திருந்து, உரிய நேரத்தில் அதைச் சொல்லிவிடும். பிறமொழிச் சொல்லோ மனப்பாடம் செய்தவனுக்கு மட்டுமே பேசும், மற்றவர்க்கு ஊமை.

தனித்தமிழ் வெறும் பெருமைப் பேச்சென்று நகைப்பார்க்கு இந்நிகழ்ச்சியே விடை. இது ஒரு குடும்பத்தின் கூலியைப் பற்றிய செய்தி.

ஆகவே இன்று அந்தப் பெட்டியை நாம் தமிழால் திறந்து பார்ப்போம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவோம். நெசவறிந்த ஊர் இது. ஆதலின் விளக்குவது எனக்கு எளிது.

முதலில், தெருவிலிருந்து உள்ளே வரும் கம்பி. பழைய தொலைபேசிக் கம்பி செம்பாலானது. அதில் மின் ஓடியது. இப்பொழுது வருவது முடியளவே பருமனுள்ள கண்ணாடி இழை. அதில் ஒளி ஓடுகின்றது. ஆகவே அது 'ஒளியிழை'. இழைக்குள் புகுந்த ஒளி அதன் ஓரத்தில் மோதி வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே தெறித்துத் தெறித்துச் செல்கின்றது; நொடிக்கு ஏறத்தாழ 2 இலக்கம் கிலோமீட்டர் விரைவு. இழையை மிகுதியாக மடக்கினால் ஒளி கசிந்துவிடும். ஆதலின் அதைக் கதவிடுக்கில் நெரிக்காதீர்கள், ஆணியில் முறுக்கித் தொங்கவிடாதீர்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கினால், பெரும்பாலும் ஒளி வந்து சேரவில்லை என்பதே பொருள். அப்பொழுது வீட்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை. நூலிழை அறுந்தால் நீங்கள் முடிச்சிடுவீர்கள், கண்ணாடியிழைக்கு முடிச்சில்லை, இருமுனையையும் சூட்டால் உருக்கி ஒட்டவேண்டும். "சிவப்பு விளக்கு எரிகிறது, ஒளி வரவில்லை, இழையைப் பாருங்கள்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். கேட்பவர்க்கு உறுதியாக விளங்கும்.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைப்பதற்கு அரசு திட்டம் வகுத்துள்ளது. அதற்கென அமைந்த நிறுவனத்தின் தமிழ்ப் பெயரில் 'கண்ணாடி இழை' என்னும் தொடர் இருப்பது கண்டு மகிழ்ந்தேன். பெயரில் புகுந்த தமிழ் பெட்டியின் மேலும் புகவேண்டும்.

அடுத்து, அப்பெட்டி. பெரும்பாலான வீடுகளில் ஒரே கூட்டுக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ஒளியை மின்குறியாக மாற்றுவது; அது 'ஒளிமாற்றி'. மற்றொன்று, வரும் செய்திகளை வீட்டிலுள்ள எந்தக் கருவிக்கு உரியவை எனப் பார்த்து அந்தந்தத் திசையில் செலுத்துவது, அது 'திசைவி'. தெருமுனையில் நின்று, "நூல்வண்டி அத்தெருவுக்கு, அரிசிவண்டி இத்தெருவுக்கு" எனக் கைகாட்டுவானே, அவன் வேலையே திசைவியின் வேலை.

பெட்டியின் பின்புறத்துத் துளைகளைப் பாருங்கள். ஒன்று, வெளியுலகிலிருந்து வருவதை ஏற்பது. மற்றவை, வீட்டிலுள்ள கருவிகளுக்குக் கொடுப்பன. ஆங்கிலத்தில் இவற்றை மும்மூன்று எழுத்தால் குறித்திருப்பர். வாழ்வு முழுவதையும் அகம் புறம் என இரண்டாய்ப் பகுத்த மொழிக்கு இதில் என்ன தடுமாற்றம்? வெளியிலிருந்து ஏற்பது 'புறவாய்'; வீட்டுக்குக் கொடுப்பது 'அகவாய்'. வீட்டுக் கருவிகள் தமக்குள் பிணைந்திருப்பது 'அகவலை'. உலகளாவிப் படர்ந்திருப்பது 'புறவலை'. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னேன். மறுநாள் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

இனி, இதனுள் ஓடுவது யாது? நீங்கள் அனுப்பும் படம் முழுதாகப் போவதில்லை. சிறுசிறு கட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் வரிசையெண்ணும் ஏறி, பல வழிகளில் செல்லவும் கூடும். போய்ச் சேர்ந்தபின் எண்வரிசைப்படி மீண்டும் ஒன்றாகும். வழியில் ஒன்று தொலைந்தால் அதனை மட்டும் மீண்டும் கேட்டுப் பெறுவதும் உண்டு. இதனை ஈழத்தார் 'பொதி' என்பர், நல்ல சொல்லே. நம் ஊரில் நூலைச் சிப்பமாகக் கட்டுகிறோம். ஆகவே 'சிப்பம்' என்று சொன்னால் தறிக்குழியில் இருப்பவர்க்கும் உடனே விளங்கும்.

சிப்பத்துக்கு முகவரி வேண்டும் என்றேன். வலையில் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதுவே 'இணைய முகவரி'. முதலில் வகுத்த முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இருந்தன. உலக மக்கள்தொகை அதனினும் மிகுதி. ஆளுக்கொரு கருவி என்றாலும் போதாது. ஆகவே வீட்டுக்குப் புறத்தே ஒரு முகவரியும், வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உள்முகவரியும் வைத்து, இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் வேலையைத் திசைவியிடம் விட்டனர். கூட்டுக்குடும்பத்துக்குத் தெருவில் ஒரே கதவெண். உள்ளே யார் எந்த அறை என்பது வீட்டாருக்குத்தானே தெரியும்? அதுபோல என்க. இப்பொழுது மிகப் பெரிய எண்களைக் கொண்ட புதிய முகவரி முறையும் பரவி வருகின்றது.

எண்ணை நினைவில் வைத்தல் அரிது. ஆதலின் எண்ணுக்கு ஈடாகப் பெயர் வைத்தனர், அது 'களப்பெயர்'. நீங்கள் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு 1983இல் உருவாயிற்று. அதனைப் 'பெயரேடு' என்போம். சிலபொழுது இணைப்பு இருந்தும் எந்தத் தளமும் திறவாது. இழை நன்றாயிருக்கும், திசைவியும் நன்றாயிருக்கும், பெயரேடு மட்டும் மறுமொழி சொல்லாது. இவ்வேறுபாட்டை அறிந்தவனிடம், "எல்லாம் பழுது, புதுப்பெட்டி வாங்குங்கள்" என்று எவனும் ஏமாற்றிப் பணம் பெற முடியாது.

களப்பெயரைப் பற்றி ஒரு மகிழ்ச்சிச் செய்தி உண்டு. களப்பெயரின் இறுதி உறுப்பைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். '.இலங்கை' 2010இலும், '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகியவை 2011இலும் உலகப் பெயரேட்டில் இடம்பெற்றன. கடைக்குப் பலகை தமிழில் வேண்டும் என்று கேட்கும் நாம், நம் வலைத்தளத்துக்கு எத்தனை பேர் தமிழில் பெயர் வைத்தோம்? உரிமை வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் கை நீட்டாதிருப்பது யார் பிழை?

அடுத்து, கம்பியில்லாமல் வீட்டுக்குள் பரவும் அலை. 'வைபை' என்பது 1999இல் வணிகத்துக்கென்று சூட்டிய பெயர். அதற்குள் ஒரு பொருளைத் தேடிப் பயனில்லை. தமிழில் அது 'அருகலை': அருகில் மட்டும் பரவும் அலை. சொல்லே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அருகில் இருந்தால் கிடைக்கும். தடித்த சுவர் இரண்டு குறுக்கிட்டால் நலியும். இருவகை அலைகளை இப்பெட்டிகள் பரப்புகின்றன. ஒன்று சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும், விரைவு குறைவு. மற்றது விரைவு மிகுதி, தொலைவு குறைவு. ஆதலின் பெட்டியை இரும்புப் பேழைக்குப் பின்னே ஒளித்து வைக்காமல், வீட்டு நடுவில் உயரத்தில் வையுங்கள்.

இனி விரைவின் அளவு. இங்கேதான் மக்கள் மிகுதியும் மயங்குகின்றனர். கணினியின் மிகச்சிறிய அளவு சுழி அல்லது ஒன்று. அதனைத் 'துணுக்கு' என்போம். எட்டுத் துணுக்கு சேர்ந்தது 'எண்டுணுக்கு'. எட்டுத் திசையை எண்டிசை என்பதுபோல் எட்டுத் துணுக்கு எண்டுணுக்கு. இலக்கணம் நமக்குப் புதிதன்று. இணைப்பு விற்போர் விரைவைத் துணுக்கில் சொல்வர். கோப்பின் அளவையோ கணினி எண்டுணுக்கில் காட்டும். "நூறு" என்று விற்கப்படும் இணைப்பு நொடிக்கு 10 கோடித் துணுக்கு தரவல்லது. அதை எட்டால் வகுத்தால் 1 கோடியே 25 இலக்கம் எண்டுணுக்குத்தான். நூறு என்று வாங்கிப் பன்னிரண்டரையே வருகிறது என்று சினந்து வழக்காடச் சென்ற ஒருவரை யான் அறிவேன். அவர் ஏமாறவில்லை, சொல்தான் அவரை ஏமாற்றிற்று. அதேபொழுதில், உண்மையாகவே ஐந்தோ ஆறோ வரும்பொழுது, 'இவ்வளவுதான் போலும்' என்று வாய்மூடிக் கட்டணம் கட்டுவாரையும் அறிவேன். அளவின் பெயர் தெரியாதவனுக்கு இரண்டு பக்கமும் இழப்பு.

கடைசியாகக் காவல். 'கடவு' என்றால் வழி. வழிவிடும் சொல் 'கடவுச்சொல்'. உங்கள் வீட்டில் இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன. ஒன்று அருகலையில் சேர்வதற்கு. மற்றொன்று திசைவியின் அமைப்பையே மாற்றுவதற்கு. முன்னது வாயிற் பூட்டு. பின்னது பெட்டகப் பூட்டு. பின்னதைப் பலர் அறிவதே இல்லை. செய்தவர் வைத்த பொதுச்சொல்லே இன்றும் அங்கே இருக்கும். ஊரில் எல்லார் பெட்டகத்துக்கும் ஒரே திறவுகோல் என்றால் உறங்குவீர்களா? இன்றே மாற்றுங்கள். வேண்டாத சிப்பங்கள் உள்ளே புகாமல் தடுக்கும் ஏற்பாடும் உண்டு, அது 'தீயரண்'. அதனை அணைத்து வைக்காதீர்கள்.

இத்தனையும் கேட்டபின் ஒருவர் வினவலாம்: "ரூட்டர் என்றாலே எல்லார்க்கும் தெரிகிறதே; திசைவி எதற்கு?" தெரிவது பெயரா, பொருளா? அந்த அம்மையாருக்கும் 'ரூட்டர்' என்னும் பெயர் தெரிந்தே இருந்தது. பெயர் தெரிந்தும் பொருள் தெரியாமையே அவரை வீழ்த்தியது. 'இரேடியோ' வானொலியாயிற்று, 'பசு' பேருந்தாயிற்று, 'கம்ப்யூட்டர்' முதலில் கணிப்பொறியாகிப் பின்னர்க் கணினியாய்த் திரண்டது. இவற்றையெல்லாம் முதலில் நகைத்தவர்களே பின்னர்ப் பயன்படுத்தினர். 'இணையம்' என்னும் சொல்லையே பாருங்கள். சிங்கப்பூரில் வாழ்ந்து 1999இல் மறைந்த நா.கோவிந்தசாமியின் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் சொல் அது. எல்லைக்கு அப்பாலுள்ள நம் தெலுங்கு உடன்பிறப்புகள் வடமொழியிலிருந்து 'அந்தர்சாலம்' என்று எடுத்தனர். நாமோ 'இணை' என்னும் வேரிலிருந்தே இணையம், இணைப்பு, இணைத்தல், இணையர் எனத் தழைக்கச் செய்தோம். வேர் நம்முடையதாயின் கிளை எண்ணிலவாம்.

ஆனால் நம் பக்கத்துப் பிழையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மறைமலையடிகள் 1916இல் ஊன்றிய வித்து இது. பாவாணர் 1974இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து தம் இறுதிக்காலம் வரை உழைத்த துறை இது. அவர் வழி வந்தோம் என்று சொல்லும் நாம், ஒரு கருவிக்கு ஐந்து பெயர் வைத்துக்கொண்டு, எது சிறந்தது என்று நமக்குள் மல்லாடுகிறோம். திசைவி என்பார் ஒருவர்; வழிப்படுத்தி என்பார் மற்றொருவர்; வழிச்செலுத்தி என்பார் மூன்றாமவர். செய்தி வழங்கும் பெருங்கணினியை ஒருவர் 'வழங்கி' என்கிறார். மற்றொருவர் 'சேவையகம்' என்று வடசொல்லைத் தமிழுக்குள் வைத்து நெய்கிறார். மூன்று சொல் கேட்ட நெசவாளி மூன்றையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தையே பற்றுகிறான். அவனைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே சொல்லைத் தேர்வதற்கு நான்கு அளவுகோல் சொல்வேன். சொல் குறுகியதாய் இருக்கவேண்டும். வேர் மக்கள் வாயில் இன்னும் உயிரோடிருக்கவேண்டும். அச்சொல்லிலிருந்து வினையும் பெயரும் கிளைக்கவேண்டும். தறியோசைக்கு நடுவே உரக்கச் சொன்னாலும் தெளிவாகக் கேட்கவேண்டும். இந்நான்கிலும் தேறியதை, ஆக்கியவர் யாராயினும், நாட்டவர் யாராயினும் ஏற்போம். யான் இன்று சொன்ன 'புறவாய்', 'எண்டுணுக்கு' ஆகியவற்றினும் சிறந்த சொல்லை ஈழத்தாரோ சிங்கப்பூராரோ தந்தால், என்னுடையதை நானே முதலில் கைவிடுவேன். சொல்லாக்கியவன் பெயர் நிற்பதன்று பெரிது. சொல் நிற்பதே பெரிது.

இளையோரே, உங்களுக்கு ஒரு பணி. ஒரு முழத்தில் பாதி நீளமுள்ள அட்டை ஒன்று எடுங்கள். அதில் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள்:

'இணைப்பு நின்றால் மின்விசையை அணைத்து, சிறிது பொறுத்து எழுப்புக.'
'ஊசித்துளையைத் தொடற்க, அது அழித்தமைக்கும்.'
'சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளியிழையில் பழுது, நிறுவனத்தை அழைக்க.'
'கடவுச்சொல்லை அயலார்க்குச் சொல்லற்க.'
ஐந்தாவதாக, அவ்வீட்டார் முறையிடவேண்டிய தொலைபேசி எண்.

இவ்வட்டையைத் தெருத்தெருவாகச் சென்று ஒவ்வொரு திசைவியின் அருகிலும் ஒட்டுங்கள். தெலுங்கு பேசும் வீடாயின், அவ்வீட்டாரைக் கேட்டு அவர்கள் மொழியிலும் எழுதிக் கொடுங்கள். தன் தாய்மொழியை நேசிப்பவன் பிறர் தாய்மொழியை இகழான். நிறுவனத்தாரை அழைக்கும்பொழுது தமிழ்ச்சொல்லையே சொல்லுங்கள். முதல்முறை "என்ன?" என்பார், இரண்டாம் முறை விளங்கிக்கொள்வார், மூன்றாம் முறை அவரே சொல்வார்.

அந்த அம்மையாரின் வீட்டில் முதல் அட்டையை யானே ஒட்டினேன். சென்ற திங்கள் மீண்டும் இணைப்பு நின்றதாம். அவரே நிறுவனத்தாரை அழைத்து, "அணைத்து எழுப்பிவிட்டேன்; சிவப்பு விளக்கு எரிகிறது; இழையைப் பாருங்கள்" என்றிருக்கிறார். அன்று மாலையே ஆள் வந்து இழையை ஒட்டிச் சென்றானாம். பாவு நிற்கவில்லை, கூலி போகவில்லை.

மங்கலங்கிழார் நடந்த மண்ணில் நாம் நடப்பதற்கு இன்னும் தெருக்கள் உள்ளன. அட்டைகள் இங்கே மேடையருகே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கலைந்து செல்லும்பொழுது ஆளுக்குப் பத்து எடுத்துச் செல்லுமாறு வேண்டி அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!